தேசிய பாடசாலை ஆக்கக் கேட்பதா, மாகாணத்தில் இருந்தே நிமிர்வதா? வன்னியின் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களுக்கு

வன்னியில் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களில் அடிக்கடி எழும் தீர்மானம் ஒன்று உண்டு: "எமது பாடசாலையைத் தேசிய பாடசாலையாகத் தரமுயர்த்தித் தரவேண்டும்." அதாவது, மாகாணத்தின் கையில் இருக்கும் பாடசாலை மத்திய கல்வி அமைச்சின் நேரடி நிருவாகத்துக்குப் போகவேண்டும் என்பது. ஒருவர் முன்மொழிய, ஒருவர் வழிமொழிய, பத்து நிமிடத்தில் நிறைவேறிவிடும். கடிதம் பாராளுமன்ற உறுப்பினருக்குப் போகும், பிரதி ஆளுநருக்குப் போகும். அந்தப் பத்து நிமிடத்துக்கு முன்னர் ஒரு பின்னேரம் முழுவதும் இருந்து பேசவேண்டிய விடயம் இது. ஒருமுறை மத்திக்குப் போன பாடசாலையை மாகாணம் திருப்பி எடுப்பது வழக்கத்தில் இல்லை.

முதலில் எது மாறாது என்று பார்க்கலாம், ஏனென்றால் பெற்றோரின் எதிர்பார்ப்பில் பாதி அங்கேதான் இருக்கிறது. பாடத்திட்டம் தேசிய கல்வி நிறுவகத்தினுடையது. பாடநூல் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்திலிருந்து வருகிறது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில், சாதாரணதரம், உயர்தரம் மூன்றையும் பரீட்சைத் திணைக்களம் நடத்துகிறது. ஆசிரியர் எந்தப் பாடசாலையில் இருந்தாலும் இலங்கை ஆசிரியர் சேவையின் சம்பள அளவுதான். இவற்றில் தேசியம், மாகாணம் என்ற பேதம் இல்லை. தேசிய பாடசாலையில் படித்தால் பல்கலைக்கழகம் கிடைப்பது இலகு என்ற பேச்சுக்கும் அடிப்படை இல்லை. கலைப்பிரிவு தவிர்ந்த பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் நாடளாவிய திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் அனுமதி கொடுக்கிறார்கள். அந்தக் கணக்கு உயர்தரப் பெறுபேற்றைத் தரப்படுத்திய இசட் புள்ளியையும் பாடசாலை இருக்கும் மாவட்டத்தையும் மட்டுமே பார்க்கும். முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார், வவுனியா நான்கும் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இருக்கின்றன. சாதாரணதரம் முடிந்த கையோடு பிள்ளையை யாழ்ப்பாணத்துக்கு மாற்றுகிற பெற்றோர் இதையும் சேர்த்து எண்ணிப் பார்ப்பது நல்லது. மாவட்டம் மாறினால் வெட்டுப்புள்ளியும் மாறும்.

அப்படியென்றால் மாறுவது என்ன? கையெழுத்து மாறுகிறது. ஆசிரியரை அனுப்பும் கையெழுத்து, அதிபரை நியமிக்கும் கையெழுத்து, கூரை திருத்தப் பணம் விடும் கையெழுத்து, பிள்ளையைச் சேர்ப்பதற்கான விதியை வகுக்கும் கையெழுத்து. இந்த நான்கும் எங்கே இருக்கின்றன என்பதுதான் கேள்வி.

1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் அரச பாடசாலைகளை மாகாண சபைகளிடம் கொடுத்தபோது, 'குறித்துரைக்கப்பட்ட பாடசாலைகள்' என்று ஒரு வகையை மத்தியிடமே விட்டது. தேசிய பாடசாலைகள் அந்த வகையைச் சேர்ந்தவை. இன்று நாட்டில் ஏறக்குறைய 10,100 அரச பாடசாலைகள் இருக்கின்றன. அவற்றில் தேசிய பாடசாலைகள் 400க்குச் சற்றுக் குறைவு. வவுனியா தமிழ் மத்திய மகா வித்தியாலயம் போன்ற சில மட்டுமே வன்னியில் அந்த வகைக்குள் வருகின்றன. வீதியோரத்து அ.த.க. (அரசினர் தமிழ்க் கலவன்) பாடசாலைகளும், 'முல்/', 'கிளி/', 'மன்/', 'வ/' என்ற மாவட்ட முன்னெழுத்துடன் நிற்கும் மகா வித்தியாலயங்களில் மிகப் பெரும்பாலானவையும் மாகாணத்தின் பொறுப்பில் உள்ளன.

மாகாணப் பாடசாலையின் கோப்பு போகும் வழி இது: அதிபர், கோட்டக்கல்விப் பணிப்பாளர், வலயக் கல்விப் பணிப்பாளர், மாகாணக் கல்விப் பணிப்பாளர், மாகாணக் கல்வி அமைச்சின் செயலாளர். கடைசி இரண்டு அலுவலகங்களும் யாழ்ப்பாணத்தில் இருக்கின்றன. தேசிய பாடசாலையின் கோப்பு பத்தரமுல்லையில் மத்திய கல்வி அமைச்சு இருக்கும் இசுருபாயவுக்குப் போகிறது. வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் ஏ9 வீதியில் சுமார் 140 கிலோமீற்றர், கொழும்பு சுமார் 250 கிலோமீற்றர். தூரத்தைவிட மொழிதான் பெரிய விடயம். தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. நடைமுறையில் இசுருபாயவின் பல கிளைகளிலிருந்து சிங்களத்தில்தான் கடிதம் வருகிறது. அதை மொழிபெயர்க்க ஆள் தேடி, விளங்காத இடத்தைத் தொலைபேசியில் கேட்டு முடிக்க வாரக்கணக்காகிறது.

ஆசிரியர்: எல்லாவற்றிலும் பெரியது

வன்னிப் பாடசாலையில் உண்மையான குறை ஆசிரியர் குறைதான். கட்டடத்தை ஒரு கொடையாளரோ திட்டமோ தந்துவிடும். கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆங்கிலத்துக்கும் ஆளை எந்தக் கொடையாளரும் தரமுடியாது.

குறை ஏன் தீராமல் இருக்கிறது என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போதும். தரம் 6 தொடக்கம் 11 வரை தலா ஒரு வகுப்புள்ள, உயர்தரம் இல்லாத வகை 2 பாடசாலையை எடுப்போம். ஒரு வகுப்புக்கு நாளுக்கு 8 பாடவேளை என்று வைத்தால் வாரத்துக்கு 40. ஆறு வகுப்புக்கும் 240. ஓர் ஆசிரியர் வாரம் 30 பாடவேளை எடுத்தால் 8 பேர் போதும் என்று கணக்குச் சொல்லும். ஆனால் அந்த வகுப்புகளில் நடக்கவேண்டிய பாடங்களோ தமிழ், சைவநெறி, கத்தோலிக்கம், ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு, புவியியல், குடியியல், இரண்டாம் மொழிச் சிங்களம், சுகாதாரம், செயன்முறைத் தொழில்நுட்பம், சித்திரம் அல்லது சங்கீதம் அல்லது நடனம் என்று பத்துப் பன்னிரண்டைத் தாண்டுகின்றன. எட்டுப் பேரில் இரண்டு பேர் வரலாற்றுப் பட்டதாரிகள், ஒருவர் சமயம், ஒருவர் சித்திரம் என்று அமைந்துவிட்டால் தாளில் 'ஆளணி பூரணம்', வகுப்பில் விஞ்ஞானத்துக்கு ஆள் இல்லை. மாணவர் தொகையை வைத்து ஆளணி போடும் முறை சிறிய பாடசாலையை எப்போதும் இப்படித்தான் ஏமாற்றும். இந்தக் கணக்கு தேசிய பாடசாலைக்கும் ஒன்றுதான். பெயர்ப்பலகை மாறியதும் புதிய ஆளணி முளைக்காது.

இரண்டு நிருவாகமும் வேறுபடுவது வெற்றிடத்தை நிரப்பும் வழியில். மாகாணப் பாடசாலைக்கு ஆசிரியர் இரண்டு வாசலால் வருகிறார். ஒன்று, வவுனியா பூந்தோட்டத்தில் உள்ளதைப் போன்ற தேசிய கல்வியியற் கல்லூரிகளில் பயின்று டிப்ளோமா முடித்தவர்களை மத்திய கல்வி அமைச்சு மாகாணத்துக்குப் பிரித்து விடுவது. மற்றது, மாகாணப் பொதுச்சேவை ஆணைக்குழுவின் கீழ்ப் பட்டதாரிகளைப் போட்டிப் பரீட்சை மூலம் சேர்ப்பது. வந்தபின் வலயத்துக்குள் இடம் மாற்றுவது வலயக் கல்விப் பணிமனையின் கையில் இருக்கிறது. வலயம் கடந்த மாற்றத்தை மாகாணத் திணைக்களம் செய்கிறது.

வலயத்தின் கையில் இருக்கும் அந்த அதிகாரத்தின் பெறுமதி ஒரு பிரசவ விடுமுறையில் தெரியும். நாட்டின் ஆசிரியர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் பெண்கள். முழுச் சம்பளத்துடன் 84 வேலைநாள் பிரசவ விடுமுறை அவர்களது உரிமை, அதற்குமேல் அரைச் சம்பளத்திலும் சம்பளமின்றியும் நீடிக்கவும் முடியும். தரம் 11க்குக் கணிதம் எடுக்கும் ஆசிரியை மே மாதத்தில் விடுமுறையில் போனால் அந்த வகுப்பு சாதாரணதரம் வரை தத்தளிக்கும். மாகாணப் பாடசாலை என்றால் அதிபர் வலயத்துக்குப் போய், பக்கத்துப் பாடசாலையின் கணித ஆசிரியரை வாரத்தில் இரண்டு நாள் விடும்படி கேட்கலாம். வலயப் பணிப்பாளர் மனம்வைத்தால் ஒரு கிழமையில் கடிதம் கிடைக்கும். தேசிய பாடசாலைக்கு மாகாண ஆசிரியரைக் கொடுக்கும் கடப்பாடு வலயத்துக்கு இல்லை. நல்லெண்ணத்தில் கொடுப்பதும் உண்டு, ஆனால் நல்லெண்ணத்தை நம்பி நேரசூசி போடமுடியாது.

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். தேசிய பாடசாலையின் ஆசிரியர் நாடு முழுவதிலும் உள்ள தேசிய பாடசாலைகளுக்கிடையே இடம் மாறுபவர். பௌதிகவியல், இரசாயனவியல், இணைந்த கணிதம் போன்ற உயர்தரப் பாடங்களுக்கு மாகாணத்திடம் ஆளே இல்லாத காலத்தில், மத்தியின் பெரிய குளத்தில் ஒருவர் கிடைக்கக்கூடும். ஆனால் தமிழ்மொழிமூலம் என்று வந்ததும் அந்தக் குளம் சுருங்கிவிடுகிறது. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, திருகோணமலை, மலையகம், கொழும்பு ஆகிய இடங்களில் உள்ள தமிழ்மொழிமூலத் தேசிய பாடசாலைகளிலிருந்துதான் ஆள் வரவேண்டும். அங்கிருந்து வன்னிக்கு விரும்பி வருபவர் எத்தனை பேர்? இங்கிருந்து போக விரும்பும் ஆசிரியருக்குப் பதிலாள் கிடைக்கும்வரை விடுவிப்பு இல்லை. போகமுடியாமல் இருப்பவரின் மனம் வகுப்பறையில் இருக்காது. பதிலாளின்றி விட்டாலோ வெற்றிடம். இந்த முடிச்சு இரண்டு நிருவாகத்திலும் ஒன்றேதான்.

இணைப்பு என்ற ஓட்டை

வன்னிப் பாடசாலைகளை உள்ளிருந்து அரிப்பது இதுதான் என்பதால் தனியே சொல்லவேண்டியிருக்கிறது. ஓர் ஆசிரியரின் பெயரும் சம்பளமும் வன்னிப் பாடசாலையில் இருக்கும், ஆள் 'தற்காலிக இணைப்பில்' வேறு வலயத்தில் படிப்பிப்பார். நோய், குழந்தை, கணவரின் தொழில் என்று காரணங்கள் பெரும்பாலும் உண்மையானவை. கேட்பவரைக் குறைசொல்லிப் பயனில்லை. ஆனால் மூன்று மாதத்துக்கு என்று கொடுத்த இணைப்பு வருடக்கணக்கில் புதுப்பிக்கப்படும்போது, அந்த வன்னிப் பாடசாலையின் ஆளணி அட்டவணையில் இடம் நிரம்பியதாகவே இருக்கும். வெற்றிடம் என்று காட்டமுடியாது. காட்டாத வெற்றிடத்துக்குப் புதிய நியமனம் வராது.

தேசிய பாடசாலை ஆக்கினால் இது தீருமா? தீராது. இணைப்புக் கொடுக்கும் அலுவலகம் மட்டும் மாறும். தீர்க்கும் வழி இணைப்பின் திகதியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பதுதான். அதை எப்படி எடுப்பது என்று கீழே வருகிறது.

அதிபர்

உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவும் உள்ள 1ஏபி வகைத் தேசிய பாடசாலைக்கு இலங்கைக் கல்வி நிருவாக சேவையிலிருந்தோ அதிபர் சேவையின் முதலாம் வகுப்பிலிருந்தோ ஒருவர் நேர்முகப் பரீட்சை மூலம் வரவேண்டும். அனுபவமுள்ளவர் வருவதற்கு வாய்ப்பு அதிகம். தடை என்னவென்றால் விண்ணப்பிப்பவர் இருக்கவேண்டும். யாரும் விண்ணப்பிக்காவிட்டால் பதில் அதிபரே ஆண்டுக்கணக்கில் இழுப்பார், அவர் எடுக்கும் முடிவுகளும் தற்காலிகமாகவே இருக்கும். மாகாணப் பாடசாலைகளில் 'கடமை நிறைவேற்று அதிபர்' என்ற நிலை இதேபோலப் பரவலாக இருக்கிறது. அங்கே ஓர் அனுகூலம், ஊரையும் வலயத்தையும் தெரிந்த ஒருவர் அந்தக் கதிரையில் இருப்பது.

கூரையும் பணமும்

தேசிய பாடசாலைக்குப் பெரிய பணம் வரும் என்பது முழுப் பொய்யல்ல. மத்திய அமைச்சின் மூலதனச் செலவில் மூன்று மாடிக் கட்டடம், ஆய்வுகூடம், விடுதி போன்றவை ஒரே திட்டமாக வரமுடியும். மாகாணத்தில் அப்படிப் பெரிய துண்டு அபூர்வம். நிதி ஆணைக்குழுவின் விதந்துரையுடன் வரும் மாகாண அபிவிருத்தி நன்கொடை (பி.எஸ்.டி.ஜி. என்று எல்லோரும் சொல்வது) வலயங்களுக்குப் பிரிந்து, பாடசாலைக்கு வரும்போது ஒரு வகுப்பறைத் தொகுதியாகவோ மலசலகூடமாகவோ சுருங்கியிருக்கும். அந்தப் பணத்துக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. நிதியாண்டு டிசம்பர் 31இல் முடிகிறது, பணம் விடுவதோ பெரும்பாலும் பிந்துகிறது. ஒப்பந்தம் கைச்சாத்தாகும் நேரம் ஒக்டோபர். வன்னியில் அது மாரி தொடங்கும் காலம். அத்திவாரக் குழியில் தண்ணீர் நிற்கும், கிறவல் வீதியில் டிப்பர் இறங்காது, மணல் அனுமதி இழுபடும். கொங்கிறீற் காயுமுன்னரே அடுத்த வேலை தொடங்கும். இரண்டாம் ஆண்டில் தெரியும் வெடிப்புகளில் பல அந்த அவசரத்தில் பிறந்தவை. ஆகவே திட்டமுன்மொழிவை வலயத்தின் திட்டமிடல் பிரிவுக்கு முதல் ஆண்டே கொடுத்து, தொழில்நுட்ப உத்தியோகத்தரின் மதிப்பீட்டையும் எடுத்துத் தயாராக வைத்திருக்கும் பாடசாலை, பணம் வந்ததும் யூலையிலேயே வேலை தொடங்குகிறது.

சிறிய திருத்தத்தில் நிலை தலைகீழ். காற்றுக்கு நான்கு கூரைத்தகடு பறந்தால் மாகாணப் பாடசாலைக்கு வலயம் ஒரு பஸ் தூரத்தில் இருக்கிறது. தேசிய பாடசாலையின் மதிப்பீடு இசுருபாயவின் வரிசையில், நாடெங்குமுள்ள மற்றத் தேசிய பாடசாலைகளின் கோப்புகளோடு நிற்கவேண்டும். பாராளுமன்ற உறுப்பினரின் பன்முகப்படுத்தப்பட்ட நிதியோ மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவோ இரண்டு வகைக்கும் திறந்த வாசல்கள்தான், அவற்றுக்காகப் பலகை மாற்றவேண்டியதில்லை.

பலகையோடு வந்த கட்டடங்கள் வன்னிக்குப் புதிதல்ல. இசுறு பாடசாலை, நவோதயா, மகிந்தோதய ஆய்வுகூடம், 2016இல் 'அருகிலுள்ள பாடசாலை சிறந்த பாடசாலை' என்று ஒவ்வொரு அரசாங்கமும் ஒரு பெயர் தந்தது. கட்டடங்கள் நிற்கின்றன, பயனும் இருக்கிறது. ஆனால் ஆய்வுகூடம் கிடைத்த பாடசாலைக்கு இரசாயனவியல் ஆசிரியர் கிடைக்காத இடங்களில் கதிரைகள் தூசி பிடித்தன. தேசிய பாடசாலைகளின் தொகையை 1,000 ஆக்கும் திட்டம் 2020இன் பின் அறிவிக்கப்பட்டது. வடக்கில் அதற்கு எதிர்ப்பும் எழுந்தது, மாகாணத்தின் அதிகாரம் பாடசாலை பாடசாலையாகக் கழன்று போகிறது என்பதே அந்த எதிர்ப்பின் கரு. தொகை அந்த 1,000க்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை.

பக்கத்துப் பாடசாலைக்கு என்ன நடக்கும்

சங்கக் கூட்டத்தில் யாரும் கேட்காத கேள்வி இது. ஒரு பிரதேசத்தின் நடுவில் உள்ள பாடசாலை தேசிய பாடசாலையானால், தரம் 6க்குப் புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளியோடு பிள்ளைகள் அங்கே நகர்வார்கள். சுற்றியுள்ள நான்கைந்து பாடசாலைகளில் கெட்டிக்காரப் பிள்ளைகள் குறைவார்கள். தொகை குறைய ஆளணி குறையும், ஆளணி குறைய மிஞ்சியிருந்த பெற்றோரும் பிள்ளையைத் தூக்குவார்கள். 50 பிள்ளைகளுக்கும் குறைவான பாடசாலைகள் நாட்டில் ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன, இப்படியான ஊர்களில்தான் அவற்றின் எண்ணிக்கை வளர்கிறது. நெடுங்கேணிக்கு உள்ளேயோ மாங்குளத்துக்கு மேற்கேயோ உள்ள ஒரு குடியேற்றக் கிராமத்தில் பாடசாலை மூடினால் அடுத்த பாடசாலைக்கு ஆறேழு கிலோமீற்றர், நடுவில் யானை நடமாடும் காடு. 2009இல் இடம்பெயர்ந்து, மனிக் பாமிலிருந்தும் மற்ற முகாம்களிலிருந்தும் திரும்பி வந்து, தறப்பாளின் கீழ் வகுப்பு நடத்தித் தொடங்கிய பாடசாலைகள் இவை. அவற்றை இழந்து ஒன்றை உயர்த்துவது வன்னிக்குக் கட்டுபடியாகாது என்பதே எமது உறுதியான எண்ணம்.

ஒரே ஊரில் இரண்டு நிருவாகம் ஓடினால் என்ன நடக்கும் என்பதற்கு முன்பள்ளிகள் நல்ல பாடம். முன்பள்ளி மாகாணத்தின் விடயம். கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழும் முன்பள்ளிகள் வந்தன. அங்கே ஆசிரியைக்குக் கிடைத்த மாதக் கொடுப்பனவு மற்ற முன்பள்ளி ஆசிரியைகளுக்குக் கிடைத்ததைவிடப் பன்மடங்கு. ஒரே வேலைக்கு இரு சம்பளம் என்று ஊர் இரண்டுபட்டது.

மாகாணத்துக்கு எதிராகச் சொல்லப்படுவது

'மாகாணம் என்றால் யாழ்ப்பாணம்தானே' என்று வன்னிப் பெற்றோர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆசிரியர்களில் பெரும்பகுதியினர் குடாநாட்டிலிருந்து வருபவர்கள். விடியற்காலை பஸ்ஸில் ஏறி ஏ9ஆல் வந்து, இரண்டாம் பாடவேளையில் வகுப்புக்குள் நுழைந்து, கடைசிப் பாடவேளைக்கு முன் பஸ்ஸை நினைக்கும் ஆசிரியரை எந்த அதிபராலும் முழுமையாகப் பயன்படுத்த முடியாது. கஷ்டப் பிரதேசச் சேவைக்காலம் முடிந்த மறுநாளே மாற்றம் கேட்பதும் வழமை. இன்னொன்று: 2013 செப்ரெம்பரில் தெரிவான வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் மாகாணக் கல்வி ஆளுநரின் கீழ் நடக்கிறது. முன்னர் சபையில் கேள்வி எழுப்ப ஓர் உறுப்பினர் இருந்தார், இப்போது அந்த வாய் இல்லை. ஆகவே மாகாணத்தில் இருப்பது நல்லது என்று நாம் சொல்வது மாகாணம் நன்றாகச் செய்கிறது என்பதனால் அல்ல. அலுவலகம் எட்டும் தூரத்தில் இருக்கிறது, கோப்பு தமிழில் இருக்கிறது, வலயத்துக்குள் ஆளை நகர்த்தலாம் என்பதனால்.

மூன்றாவது வழி

இந்த இரண்டுக்கும் நடுவில் பேசப்படாத வழி ஒன்று இருக்கிறது: மாகாணத்திலேயே இருந்துகொண்டு பாடசாலைகள் கொத்தணியாக வேலை செய்வது. 1சி வகைப் பாடசாலைகள் உயர்தரத்தில் கலையும் வர்த்தகமும் நடத்துபவை. ஒவ்வொரு 1சி பாடசாலையும் விஞ்ஞானப் பிரிவு தொடங்கி 1ஏபி ஆகவேண்டும் என்று ஆசைப்படுவதால், ஒரே கோட்டத்தில் மூன்று பாடசாலைகளில் மூன்று, நான்கு பிள்ளைகள் வீதம் உயிரியல் படிக்கிறார்கள். ஒரு பாடசாலையில் பௌதிகவியலுக்கு ஆள் உண்டு, இரசாயனவியலுக்கு இல்லை. மற்றதில் மறுவளம். மூன்றையும் ஒரு பாடசாலையில் கூட்டினால் நான்கு ஆசிரியர்களோடு ஒரு முழு வகுப்பு நடக்கும்.

இது நடக்க மூன்று பொருத்தங்கள் வேண்டும். முதலாவது போக்குவரத்து. காலையில் 7.30க்கு முன் சேரும், 1.30க்குப் பின் புறப்படும் இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ்ஸும் பருவச்சீட்டும் இல்லாவிட்டால் பெண்பிள்ளைகள் முதலில் நின்றுவிடுவார்கள். பஸ் நேரத்தை இ.போ.ச. சாலை (டிப்போ) முகாமையாளரோடு எழுத்தில் பேசி முடிக்கவேண்டும். இரண்டாவது விடுதி. முழங்காவில், அக்கராயன், ஒட்டுசுட்டான் பக்கங்களின் உட்கிராமப் பிள்ளைகளுக்குத் தினமும் போய்வருவது நடக்காத காரியம். விடுதி என்றால் கட்டடம் மட்டுமல்ல, இரவில் தங்கும் மேற்பார்வையாளரும் சமையலுக்குப் பணமும் தண்ணீரும் சேர்த்துத்தான். மூன்றாவதும் கடினமானதும் மற்ற இரண்டு பாடசாலைகளின் சம்மதம். உயர்தர விஞ்ஞானத்தை விட்டுக்கொடுக்கும் பாடசாலைக்கு வேறொன்று கிடைக்கவேண்டும்: தொழில்நுட்பப் பிரிவோ, ஆங்கில ஆசிரியரோ, அழகியல் பாடங்களோ. ஒன்றும் கொடுக்காமல் கேட்டால் பழைய மாணவர் சங்கம் எதிர்க்கும், அதில் பிழையும் இல்லை.

எந்தப் பாடசாலைக்கு எது

ஆரம்பப் பாடசாலைக்கும் வகை 2 பாடசாலைக்கும் தேசிய பாடசாலைக் கோரிக்கை நேர விரயம். அவர்கள் இணைப்பையும் ஆளணியையும் பிடித்து நிற்கவேண்டும். கிராமத்து 1சி பாடசாலைக்கு எமது பரிந்துரை கொத்தணி. உயர்தர விஞ்ஞானத்துக்கு வேண்டிய ஆசிரியர்கள் நிரந்தர நியமனத்தில், ஆட்களாக, இரண்டு ஆண்டு தொடர்ந்து இருந்தால் மட்டும் 1ஏபி கேட்கலாம்.

பட்டினத்து 1ஏபி பாடசாலைதான் உண்மையில் யோசிக்கவேண்டியது. மாவட்டம் முழுவதிலிருந்தும் உயர்தரத்துக்குப் பிள்ளைகள் வருகிறார்கள், விடுதி இருக்கிறது, ஆய்வுகூடத்தைப் பாவிக்கிறார்கள் என்றால் மத்தியின் பெரிய மூலதனம் அங்கே வீண்போகாது. கேட்பதானால் மூன்று நிபந்தனைகளோடு கேட்கவேண்டும். இப்போதுள்ள மாகாண ஆசிரியர்கள் மத்திய ஆளணிக்கு உள்வாங்கப்படும் ஒழுங்கு எழுத்தில் வரவேண்டும். இல்லாவிட்டால் மாற்றத்தின் முதல் ஆண்டிலேயே வலயம் தன் ஆசிரியர்களைத் திருப்பி எடுக்கும், மத்தியிலிருந்து பதிலாள் வந்திருக்காது. ஆரம்பப் பிரிவு தனிப் பாடசாலையாக மாகாணத்திடமே விடப்படவேண்டும், அதனால் சுற்றுவட்டார ஆரம்பப் பாடசாலைகள் பிழைக்கும். தரம் 6 அனுமதியில் சுற்றியுள்ள கிராமப் பிள்ளைகளின் இடம் பற்றி மாகாணமும் அமைச்சும் முன்கூட்டியே இணங்கவேண்டும். இந்த மூன்றில் ஒன்றுக்கேனும் எழுத்தில் பதில் இல்லையென்றால் மாகாணத்தில் இருப்பதே மேல்.

தீர்மானத்துக்கு முன் எடுக்கவேண்டிய கடதாசிகள்

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதற்குத்தான் இருக்கிறது. வலயக் கல்விப் பணிமனையின் தகவல் உத்தியோகத்தருக்குத் தமிழில் ஒரு விண்ணப்பம் போதும். மூன்று விடயம் கேட்கவேண்டும்: பாடசாலைக்கு அங்கீகரிக்கப்பட்ட ஆளணி பாடவாரியாக எத்தனை, பாடசாலையின் பெயரில் சம்பளம் பெற்று இணைப்பில் வெளியே இருப்பவர்கள் எத்தனை பேர், ஒவ்வோர் இணைப்பும் தொடங்கிய, முடியும் திகதிகள் எவை. ஆட்களின் பெயர் கேட்கத் தேவையில்லை, கேட்டால் தனிப்பட்ட தகவல் என்று மறுக்க இடமாகும். 14 வேலைநாளுக்குள் தகவல் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு, அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. விண்ணப்பம் கொடுத்ததற்கான பற்றுச்சீட்டை வாங்காமல் வெளியே வரக்கூடாது, நாட்கணக்கு அதிலிருந்துதான் தொடங்கும்.

அடுத்தது காணி. 2009இல் பல பாடசாலைகளின் அனுமதிப் பதிவேடுகளும் காணிப் பத்திரங்களும் அழிந்தன. நில அளவை வரைபடம் இல்லாத பாடசாலைக்கு மத்தியிலோ மாகாணத்திலோ பெரிய கட்டடம் ஒப்புதலாவது கடினம், வனத் திணைக்கள எல்லை பக்கத்தில் இருந்தால் இன்னும் கடினம். பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் கோப்பு இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் அளவைக்கு இப்போதே விண்ணப்பிக்கவேண்டும்.

இவ்வளவும் கையில் வந்தபின் கூட்டத்தைக் கூட்டலாம். தீர்மானத்தின் சொற்களும் அப்போது மாறும்: 'தேசிய பாடசாலையாக்கித் தருக' என்று இராது. 'அங்கீகரித்த ஆளணியில் விஞ்ஞானத்துக்கு இருவர், பாடசாலையில் இருப்பவர் ஒருவர், மற்றவர் இன்ன திகதி தொடக்கம் இணைப்பில். அவரை மீள அழைக்கவும், அல்லது அந்த இடத்தை வெற்றிடமாக அறிவித்து வருகிற நியமனத்தில் நிரப்பவும்' என்று இருக்கும். வருடாந்த இடமாற்றச் சபை கூடுவதற்கு முன்னர் அந்தக் கடிதம் வலயத்திலும் மாகாணத் திணைக்களத்திலும் பதிவாகவேண்டும். கூடவே பாடசாலை நேரசூசியின் பிரதி ஒன்றை, ஆசிரியரின்றிப் போகும் பாடவேளைகளைச் சிவப்பு மையால் அடையாளமிட்டு இணைக்கவேண்டும்.